டென்ட்டில் படுக்க இவ்வளவு பணமா? மசாய் மாரா கூடார கேம்ப்புக்கு ஒரு முழு வழிகாட்டி

"டென்ட்டுல படுக்கிறதுக்கா இவ்வளவு பணம்?"

கென்யாவின் மசாய் மாராவுக்குப் போகலாம் என்று பேச்செடுத்ததும் என் மாமியார் கேட்டது இதுதான். அத்தைக்கு டென்ட் என்றால் சர்க்கஸ் கூடாரம். கேள்வியில் நியாயம் இருந்தது. வசதியான கூடார கேம்ப்பில் ஓர் ஆளுக்கு, ஓர் இரவுக்கு 400 டாலரில் ஆரம்பித்து, பெயர்பெற்ற இடங்களில் சீசன் நேரத்தில் 1,000 டாலரையும் தாண்டும். அந்தக் காசு எதற்குப் போகிறது என்று தெரியாமல் கொடுத்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

நான் இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். முதல் முறை கணவரோடு, தப்பான இடத்தில். இரண்டாவது முறை 66 வயது அத்தையையும் கூட்டிக்கொண்டு, சரியான இடத்தில். வாடகை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் கேம்ப்பில் ஆள் நீளத்துக்குக் குளியல் தொட்டி இருந்தது. இரண்டாவதில் வாளித் தண்ணீர்தான். ஆனால் இரண்டாவதில் பார்த்ததில் கால்வாசிகூட முதலாவதில் பார்க்கவில்லை. அதனால் டென்ட்டின் அலங்காரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்த டென்ட் எந்த மண்ணில் நிற்கிறது, வண்டியை யார் ஓட்டுகிறார், இந்த இரண்டுக்கும் கொடுங்கள். எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்று குழப்பம் வரும்போதெல்லாம் நான் இந்தக் கணக்கைத்தான் போடுகிறேன்.

முதல் வேலை: மண்ணைத் தேர்ந்தெடுப்பது

மாரா என்ற ஒரே பெயரில் விற்றாலும் அங்கே நிலம் ஒரே மாதிரி இல்லை. நடுவில் இருப்பது மசாய் மாரா தேசிய ரிசர்வ், சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். தெற்கே தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவோடு ஒட்டிக் கிடக்கிறது, இடையில் வேலி கிடையாது. ரிசர்வுக்குள்ளேயே மாரா ஆற்றுக்கு மேற்கே, ஒலோலோலோ மலைச்சரிவுக்குக் கீழே இருக்கும் பகுதிக்கு மாரா டிரையாங்கிள் என்று பெயர். 2001-லிருந்து அதைத் தனி நிர்வாகம் ஒன்று கவனிக்கிறது. பாதைகளும் கட்டுப்பாடும் அங்கே ஒரு படி ஒழுங்கு.

ரிசர்வுக்கு வடக்கிலும் கிழக்கிலும் இருப்பவை கன்சர்வன்சிகள். நபோய்ஷோ, ஒலாரே மோட்டோரோகி, மாரா நார்த் என்று பல உண்டு. இவை அந்தப் பகுதியில் மாடு மேய்த்து வாழும் மசாய் இனக் குடும்பங்களின் சொந்த நிலங்கள். கேம்ப் நடத்துகிறவர்கள் நிலத்துக்காரர்களுக்குக் குத்தகைப் பணம் கொடுக்கிறார்கள். அவர்கள் வேலி போடாமல், வீடு கட்டாமல் நிலத்தை விலங்குகளுக்கு விட்டுவைக்கிறார்கள். மாடுகளும் முறைவைத்து மேயும். நீங்கள் கட்டும் வாடகையில் ஒரு பங்கு இந்தக் குத்தகைக்குத்தான் போகிறது. இதை விளக்கியபோதுதான் அத்தை முதல் முறையாகத் தலையாட்டினார். "அப்பச் சரி. காட்டுக்காரனுக்குக் குத்தகை குடுக்கறாங்கல்ல."

தங்குகிறவர்களுக்கு என்ன வித்தியாசம்? ரிசர்வுக்குள் பாதையை விட்டு வண்டி இறங்கக் கூடாது, இருட்டிய பிறகு ஓடக் கூடாது, கீழே இறங்கி நடக்கக் கூடாது. கன்சர்வன்சியில் இந்த மூன்றுக்கும் கட்டுப்பாட்டோடு இடம் உண்டு. அதோடு, அங்கே தங்கியிருப்பவர்களின் வண்டிகள் மட்டும்தான் அங்கே ஓடும். ஆகஸ்ட் மாதம் ரிசர்வுக்குள் ஒரே ஒரு சிறுத்தையைச் சுற்றி முப்பது வண்டிகள் நின்றதைப் பார்த்திருக்கிறேன். தைப்பூசத்தன்று பழனி பஸ் ஸ்டாண்ட் மாதிரி இருந்தது. சிறுத்தைக்கு எப்படி இருந்ததோ.

முதல் பயணத்தில் எங்கள் டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்த ஏஜென்ட், கேம்ப் "மாராவிலேயே" இருக்கிறது என்றார். பொய் இல்லை. ஆனால் அது ரிசர்வின் செகெனானி கேட்டுக்கு வெளியே இருந்தது. கன்சர்வன்சியும் இல்லை, ரிசர்வும் இல்லை. தினமும் விடியலில் கேட்டில் வரிசை, சீட்டுப் பரிசோதனை, அப்புறம் உள்ளே நெடுந்தூரம். நாங்கள் போய்ச் சேரும்போது சிங்கங்கள் சாப்பிட்டு முடித்து நிழலில் மல்லாந்திருந்தன.

ஆகவே பணம் கட்டுமுன் மேப்பைத் திறந்துவைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். கேம்ப் எந்தக் கன்சர்வன்சியில், அல்லது ரிசர்வின் எந்தப் பகுதியில் இருக்கிறது? பக்கத்து விமான ஓடுதளம் எது? காலையில் கேம்ப்பை விட்டுக் கிளம்பினால் எவ்வளவு நேரத்தில் விலங்குகள் நடமாடும் இடம் வரும்? கடைசிக் கேள்விக்கு, "கேம்ப் வாசலிலேயே" என்று பதில் வர வேண்டும்.

என் சிபாரிசு: கன்சர்வன்சியில் குறைந்தது மூன்று இரவு, முடிந்தால் நான்கு. அதில் ஒரு நாள் மட்டும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ரிசர்வுக்குள் ஆற்றைப் பார்க்கப் போய்வரலாம். அந்த ஒரு நாளுக்கு ரிசர்வ் கட்டணம் தனி. 2024-லிருந்து வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். ஒரு சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரைதான். கேம்ப் சொல்லும் வாடகையில் இது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு இரவுக்கு ஒரு கேம்ப், அப்புறம் இன்னொரு கேம்ப் என்று தாவும் திட்டத்தை யாராவது நீட்டினால் ஒதுக்கிவிடுங்கள். பாதிப் பொழுது ரோட்டிலும் பை கட்டுவதிலும் போய்விடும்.

எந்த மாதம்

வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் பெரிய மான் வகை) மந்தைகள் செரெங்கெட்டியிலிருந்து லட்சக்கணக்கில் வந்து மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலைக் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. எந்த நாளில் கடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு மணி நேரம் கரையில் நின்று, மந்தை தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனதையும் பார்த்தோம்.

சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி (சீட்டா) மூன்றும் ஆண்டு முழுக்க அங்கேயேதான் இருக்கின்றன. அவற்றுக்காக மட்டும் போகிறவர்கள் ஜனவரி, பிப்ரவரியைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டணம் பாதி, கூட்டமும் குறைவு. மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழைக் காலம். மாராவில் பல இடங்களில் கறுப்பு மண், அச்சு அசல் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்தான். நனைந்தால் வண்டிச் சக்கரத்தைக் கவ்விக்கொண்டு விடாது. சில கேம்ப்புகள் அந்த மாதங்களில் மூடியே விடும்.

கேம்ப்புக்கு எழுதிக் கேட்க வேண்டியவை

இணையதளத்தில் எல்லா கேம்ப்பும் அழகாகத்தான் இருக்கும். வெள்ளைக் கொசுவலை, பித்தளை விளக்கு, மேசையில் பழைய காலத்துத் தட்டச்சு இயந்திரம். அதையெல்லாம் தாண்டி இவற்றைக் கேளுங்கள்.

மொத்தம் எத்தனை டென்ட்? பத்துப் பன்னிரண்டுக்குள் இருந்தால் நல்லது. வண்டி திறந்த பக்கங்கள் கொண்ட லேண்ட் குரூசரா, மினி வேனா? ஒரு வரிசையில் எத்தனை பேர்? நடு சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் அடுத்தவர் தோள்பட்டைதான் தெரியும். எங்களுக்கென்று தனி வண்டி வேண்டுமானால் எவ்வளவு கூடும்? வயதானவர், சின்னக் குழந்தை, கேமராப் பைத்தியம் இவர்களில் யார் கூட வந்தாலும் தனி வண்டிக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

இன்னொரு கேள்வியை எந்த ஏஜென்ட்டும் தானாகச் சொல்ல மாட்டார்: வழிகாட்டி எந்த நிலை? கென்யாவில் சஃபாரி வழிகாட்டிகளுக்குத் தனிச் சங்கம் ஒன்று தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகளில் சான்று தருகிறது. சட்டையில் அந்த பேட்ஜ் இருக்கும். தங்க நிலைக்காரர்கள் மிகச் சிலர்தான். வெள்ளி நிலை வழிகாட்டி ஒருவரை நான்கு நாளும் எங்களோடேயே விட முடியுமா என்று கேட்டோம், சரி என்றார்கள். இரண்டாவது பயணத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

கடைசியாக, அவசரத்துக்கு ஆகாய ஆம்புலன்ஸ் காப்பீடு வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். 1957-ல் தொடங்கிய ஆம்ரெஃப் அமைப்பின் பறக்கும் மருத்துவர் சேவை அங்கே பெயர்பெற்றது. பல கேம்ப்புகள் விருந்தாளிகளை அதில் சேர்த்துவிடுகின்றன.

ஊசி, அனுமதி, மாத்திரை

கென்யாவுக்கு இப்போது விசா கிடையாது. 2024 ஜனவரியிலிருந்து இணையத்தில் மின் பயண அனுமதி எடுத்தால் போதும், கட்டணம் 30 டாலரை ஒட்டி வரும். இந்த அனுமதி சுலபம்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது மஞ்சள் காய்ச்சல் ஊசியில். கென்யா அந்த நோய்ப் பட்டியலில் உள்ள நாடு. போகும்போது கேட்கிறார்களோ இல்லையோ, திரும்பி வரும்போது இந்தியாவில் கேட்பார்கள். சான்று இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் மட்டுமே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். எல்லா நாளும் போட மாட்டார்கள், முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போங்கள். ஒரு தடவை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும்.

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இந்த ஊசியில் கூடுதல் ஜாக்கிரதை தேவை. அத்தைக்காக முதலில் எங்கள் குடும்ப டாக்டரிடம் போய், எல்லா மருந்துச் சீட்டையும் காட்டி, அவர் சரி என்ற பிறகே கிண்டிக்குப் போனோம். மலேரியாத் தடுப்பு மாத்திரை பற்றியும் அதே நாளில் கேட்டுவிட்டோம். மாரா 1,500 மீட்டருக்கு மேலே இருந்தாலும் மலேரியா உண்டு.

15 கிலோ

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. மும்பை வழியாகவோ வளைகுடா நாடு ஒன்றில் மாறியோ நைரோபி போய்ச் சேரலாம். அங்கிருந்து மாராவுக்குச் சாலையில் ஐந்தாறு மணி நேரம், சின்ன விமானத்தில் முக்கால் மணி நேரம். விமானம்தான் என் கட்சி. ஆனால் அது பெரிய விமான நிலையத்திலிருந்து கிளம்பாது. ஊரின் இன்னொரு பக்கம் இருக்கும் வில்சன் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். நைரோபி டிராஃபிக்கை நம்பி அதே காலையில் மாறலாம் என்று கணக்குப் போடாதீர்கள், ஓர் இரவு தங்கிவிடுங்கள்.

அந்தச் சின்ன விமானத்தில் பத்துப் பதின்மூன்று பேர் உட்காரலாம். டவுன் பஸ் மாதிரி ஒவ்வொரு ஓடுதளத்திலும் இறங்கி ஆளை இறக்கி ஏற்றிக்கொண்டு போகும். உங்கள் ஸ்டாப்பிங் எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், விமானியே திரும்பிப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கைப்பையும் சேர்த்து மொத்தம் 15 கிலோதான், அதுவும் துணிப் பையாக இருக்க வேண்டும். விமானத்தின் வயிற்றுக்குள் பையை மடக்கித் திணிப்பார்கள். முதல் முறை நாங்கள் கொண்டுபோன சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை கவுண்டரில் ஒரே பார்வையில் நிராகரித்துவிட்டார்கள். வில்சன் விமான நிலையத் தரையில் உட்கார்ந்து, உள்ளாடை முதற்கொண்டு எல்லாவற்றையும் கடைப்பையில் மாற்றினேன். கணவர் தெரியாதவர் மாதிரி தள்ளி நின்றார்.

பதினைந்து கிலோ தாராளமாகப் போதும். கேம்ப்பில் அன்றாடம் துணி துவைத்துக் கொடுப்பார்கள். பல இடங்களில் பெண்களின் உள்ளாடையை மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதற்கென்று சோப்புத் தூள் டென்ட்டிலேயே இருக்கும். காக்கி, மண் நிறம், மங்கிய பச்சை நல்லது. கருநீலமும் கறுப்பும் ட்செட்சே என்ற கடிக்கும் ஈயை இழுக்கும். ராணுவப் புள்ளிச் சட்டை வேண்டாம், கென்யாவில் அது வம்பு. ஸ்வெட்டர், குல்லாய் கட்டாயம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போய், காலை ஆறு மணிக்குத் திறந்த வண்டியில் ஊட்டிக் குளிரில் பல்லைக் கடித்தவள் நான். பைனாகுலர் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். பங்கு போட்டால் சண்டை வரும். பிளக் நம்முடையது பொருந்தாது, இங்கிலாந்துக்காரர்களின் மூன்று சதுர முள் வகை. டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பிளாஸ்டிக் பையும் வேண்டாம். கென்யா 2017-ல் அதைத் தடை செய்தது, சும்மா பேருக்கு இல்லை. அத்தை கொண்டுவந்த முறுக்கு மொத்தமும் எவர்சில்வர் டப்பாவுக்கு மாறியது.

டென்ட்டுக்குள்

கேம்ப்பில் இறங்கியதும் ஈரத் துண்டு, ஜூஸ், அப்புறம் மேலாளர் வந்து ஐந்து நிமிடம் விதிகளைச் சொல்வார். போனைப் பார்க்காமல் அந்த ஐந்து நிமிடமும் காது கொடுங்கள். சுற்றி வேலி கிடையாது. இருட்டிய பிறகு டென்ட்டிலிருந்து சாப்பாட்டுக் கூடாரத்துக்குத் தனியாக ஓர் அடி வைக்கக் கூடாது. டார்ச்சைக் காட்டினாலோ வாக்கி-டாக்கியில் கூப்பிட்டாலோ அஸ்காரி என்று அழைக்கப்படும் காவல்காரர் வந்து கூட்டிப்போவார். ஜிப்பை முழுக்க இழுத்து மூட வேண்டும். உள்ளே தின்பண்டம் வைக்கக் கூடாது. குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும், அதனால் ஜிப்பின் இரண்டு முனையையும் சேர்த்துக் கொக்கி மாட்டச் சொல்வார்கள். முறுக்கு டப்பா அன்றே சமையல்கூடத்துக்குப் போனது. நான்கு நாளில் சமையல்காரர்களும் அத்தையும் சேர்ந்து அதைக் காலி செய்தார்கள்.

டென்ட் என்று சொல்கிறோமே தவிர உள்ளே பெரிய கட்டில், கம்பளம், எழுதுமேசை, பின்பக்கம் ஃப்ளஷ் கழிவறை, குளியலறை எல்லாம் உண்டு. சுவர் மட்டும் கான்வாஸ். சில கேம்ப்பில் குழாய்த் தண்ணீர், சிலவற்றில் இன்னமும் வாளி ஷவர். குளிக்கப்போகும் நேரத்தைச் சொன்னால் ஒருவர் வெந்நீரைக் கொண்டுவந்து, டென்ட்டுக்குப் பின்னால் தொங்கும் பையில் ஊற்றிவிட்டு, துணிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார். சுமார் இருபது லிட்டர். முதல் நாள் நான் திறந்துவிட்டு நின்றேன், தலையில் ஷாம்புவோடு தண்ணீர் தீர்ந்துபோனது. அடுத்து அத்தை போனார். குளித்துவிட்டு, மிச்சத் தண்ணீரில் பாவாடையையும் அலசிக்கொண்டு வந்தார். "ஒரு வாளித் தண்ணியில குளிக்கத் தெரியாதா உனக்கு?"

இரவுச் சாப்பாட்டுக்குப் போயிருக்கும்போது யாரோ வந்து கொசுவலையை இறக்கி, போர்வைக்குள் வெந்நீர்ப் பை வைத்துவிட்டுப் போவார்கள். தெரியாமல் காலை நீட்டினால் கதகதவென்று, பஞ்சுபஞ்சாக ஏதோ தட்டுப்படும். இப்போது சொல்லிவிட்டேன், நீங்கள் கத்த மாட்டீர்கள்.

சிங்கம் டென்ட்டைக் கிழித்துக்கொண்டு வராதா? எல்லோரும் கேட்பது இதுதான். கணவர் வேறு, 1898-ல் கென்யாவின் சாவோவில் ரயில் பாதை போட வந்த இந்தியத் தொழிலாளிகளைக் கூடாரத்திலிருந்தே இரண்டு சிங்கங்கள் இழுத்துப்போன கதையை விமானத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். அது மாராவிலிருந்து வெகு தூரம். அந்த இரண்டு சிங்கங்களையும் சுட்டு, பாடம் செய்து, இப்போது சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இன்றைய கேம்ப்புகளில் மூடிய டென்ட் விலங்கின் கண்ணுக்கு ஒரு பெரிய பாறை மாதிரி. சுற்றிக்கொண்டு போய்விடும். ஆபத்து, டென்ட்டை விட்டு நாம் வெளியே வரும்போதுதான். அதிலும் சிங்கத்தைவிட, புல் மேய வரும் நீர்யானைக்கும் ஒற்றைக் காட்டெருமைக்கும்தான் அஸ்காரிகள் அதிகம் பயப்படுகிறார்கள்.

கென்யா நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அத்தைக்கு ஊரில் ஐந்து மணிக்கு விழிப்பு வரும், அங்கே அது இரவு 2:30. அதனால் எல்லாச் சத்தத்தையும் கேட்டவர் அவர்தான். சிங்கத்தின் குரல் சினிமாவில் வருவது மாதிரி சீறலாக இருக்காது. தூரத்தில் யாரோ வெற்றுப் பீப்பாய்க்குள் முனகுவது போல நீளமாக ஆரம்பிக்கும், இரண்டு மூன்று தடவை உச்சத்துக்குப் போகும், அப்புறம் குறுகிக் குறுகி, மூச்சு வாங்குகிற மாதிரி உறுமி ஓயும். எட்டு கிலோமீட்டர் வரைக்கும்கூடக் கேட்கும் என்பார்கள். பக்கத்தில் கேட்டால் கட்டில் சட்டத்தில் வைத்த கைக்கு அதிர்வு தெரியும். மரத்தை ரம்பத்தால் அறுப்பது போல வறட்டுச் சத்தம் கேட்டால் அது சிறுத்தை. ஊவ்வ் என்று கேள்வி கேட்பது மாதிரி மேலே ஏறினால் கழுதைப்புலி.

வண்டியில்

ஐந்தரைக்கு டென்ட் வாசலில் டீயும் பிஸ்கட்டும் வரும். ஆறுக்கெல்லாம் வண்டி கிளம்பிவிட வேண்டும். முதல் இரண்டு மணி நேரமும் மாலையில் கடைசி இரண்டு மணி நேரமும்தான் காசு. சிங்கம் நாளில் பதினெட்டு, இருபது மணி நேரம் படுத்தே கிடக்கும். பத்து மணிக்குப் புதருக்கடியில் படுத்திருக்கும் சிங்கமும் மூட்டையும் ஒன்றுதான். காலைச் சாப்பாட்டையும் வண்டியிலேயே எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. வெளியில் கழிவறை கிடையாது. கேட்டால் வழிகாட்டி புல் குட்டையான, வெட்டவெளியான இடமாகப் பார்த்து நிறுத்தி, சுற்றிலும் பைனாகுலரில் பார்த்துவிட்டு, வண்டிக்குப் பின்பக்கம் போகச் சொல்வார். கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடுகிறேன். சிறுத்தை வேறு, சிவிங்கிப்புலி வேறு. நம் பத்திரிகைகளே மாற்றிப் போடுவதுண்டு. சிறுத்தைக்குக் கட்டையான கால், ரோஜா இதழ் மாதிரி வட்டப் புள்ளிகள், மரம் ஏறும், இரையை மேலே தூக்கி வைத்துத் தின்னும். சிவிங்கிப்புலி ஒல்லி, முழுப் புள்ளிகள், கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர் வழிந்த மாதிரி கறுப்புக் கோடு. பகலில் வேட்டையாடும். சுவாஹிலியில் சிறுத்தை சுய், சிவிங்கிப்புலி டூமா, சிங்கம் சிம்பா. வழிகாட்டிகள் ரேடியோவில் பேசிக்கொள்ளும்போது இந்த மூன்று சொல்லைப் பிடித்துக்கொண்டால் எதற்காக வண்டி திரும்புகிறது என்று புரிந்துவிடும்.

இந்த மூன்றும் பூனை இனம்தான். தேடும்போது பூனையைத் தேடக் கூடாது, மற்ற விலங்குகளைப் பார்க்க வேண்டும். இது எனக்குப் புரிந்தது மூன்றாம் நாள் மாலை. ஓடைக்கரை, அத்தி மரங்கள், கீழே அடர்ந்த புதர். வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பின் சீட்டிலிருந்து அத்தை என் தோளைத் தட்டினார்.

"நிறுத்தச் சொல்லு. எல்லா ஆடும் அங்கயேதான் பாக்குது. ஏதோ இருக்கு."

அவர் ஆடு என்றது இம்பாலா மான்களை. பதினைந்து இருபது இம்பாலாக்கள், ஒன்றுகூட மேயவில்லை. எல்லாக் காதும் ஒரே புதரைப் பார்த்து விறைத்திருந்தன. ஒன்று மட்டும் தும்மல் மாதிரி சத்தம் போட்டது. நான் சொல்வதற்குள் வழிகாட்டியே எஞ்சினை அணைத்துவிட்டார். இருபது நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் அத்தி மரத்தின் தாழ்ந்த கிளைக்குக் கீழே, கயிறு மாதிரி ஏதோ தொங்கி, நுனி மட்டும் மேலே வளைந்தது. வாலின் அடிப்பக்கம் வெள்ளை. அதைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தால் ஒரு பின்னங்கால், ஒரு தோள், கடைசியில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்த முகம். தலைகீழாக, அவசரமே இல்லாமல் மரத்திலிருந்து இறங்கி, புல்லுக்குள் கால் வைத்ததும் காணாமல் போனது. புல் முழங்கால் உயரம்தான். எப்படி மறைந்தது என்று இன்றைக்கும் புரியவில்லை.

அத்தை என்ன சொன்னார் என்று வழிகாட்டி கேட்டார். மொழிபெயர்த்தேன். சிறுவயதில் தாராபுரத்துப் பக்கம் ஆடு மேய்த்தவர் என்றேன். மசாய் பையன்கள் ஐந்தாறு வயதிலேயே கன்று மேய்க்கப் போய்விடுவார்கள். அவரும் அப்படி வளர்ந்தவர்தான். திரும்பி உட்கார்ந்து, "எத்தனை ஆடு?" என்றார். "முப்பது," என்றார் அத்தை. மறுநாள் முழுக்க வண்டி நின்ற இடத்திலெல்லாம் அவர் முதலில் அத்தை முகத்தைத்தான் பார்த்தார்.

கன்சர்வன்சியிலும் ரிசர்விலும் ஒரு பூனையைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், பின்னால் வண்டிகள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் இடம் விட வேண்டும் என்பது விதி. ரிசர்வில் நெரிசல் நாளில் இது காற்றில் பறக்கும். "இன்னும் கிட்டப் போங்க" என்று வழிகாட்டியை நச்சரிக்காதீர்கள். சிவிங்கிப்புலி ஓடிப் பிடித்த பிறகு மூச்சு வாங்கவே நேரம் வேண்டும். வண்டிகள் சூழ்ந்தால் குட்டிகள் பிரிந்துபோகும், கூட்டத்தைப் பார்த்து கழுதைப்புலி வந்து இரையைப் பறித்துக்கொள்ளும். நல்ல டிப்ஸுக்கு ஆசைப்பட்டு நெருங்கும் வழிகாட்டிகளும் உண்டு. "இங்கேயே போதும்" என்று நீங்கள் முதலில் சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி.

பலூன் சவாரி ஆளுக்கு 500 டாலரை ஒட்டி வரும். புல்வெளியின் அகலத்தைப் பார்க்க அழகுதான், பூனை பார்க்க உதவாது. அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு ஓர் இரவு கூடுதலாகத் தங்குங்கள்.

சாப்பாடும் டிப்ஸும்

சைவம் என்று பதிவு செய்யும்போதே எழுதிவிட்டால் கவலையே இல்லை. ரயில் பாதைக் காலத்திலிருந்து இந்தியர்கள் வாழும் நாடு. சப்பாத்தியும் சமோசாவும் அங்கே கென்ய உணவாகவே ஆகிவிட்டன, டீக்குப் பெயரே சாய்தான். முட்டையும் கூடாது என்றால் அதைத் தனியாக எழுதுங்கள், அவர்கள் கணக்கில் சைவத்தில் முட்டை அடக்கம். காரம் வேண்டுமென்றால் ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுபோங்கள்.

வழிகாட்டிக்கு ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 டாலர், கடைசி நாளில் நேரில் கையில். சமையல்காரர், வெந்நீர் ஊற்றியவர், அஸ்காரி எல்லோருக்கும் சேர்த்துப் பொது உண்டியல் இருக்கும், அதிலும் ஏறக்குறைய 10 டாலர். கிழிந்த, பழைய வருட டாலர் நோட்டை அங்கே வாங்க மாட்டார்கள், புதிய சின்ன நோட்டுகளாக ஊரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். மசாய் மொழியில் நன்றிக்கு ஆஷே ஓலெங்.

திரும்பி வரும்போது மஞ்சள் காய்ச்சல் அட்டை கைப்பையில் இருக்கட்டும். சென்னையில் இறங்கியதும் பாஸ்போர்ட் வரிசைக்கு முன்னாலேயே சுகாதார கவுண்டரில் அதைக் கேட்பார்கள். எங்கள் இருவருடையதும் பாஸ்போர்ட் உறைக்குள் இருந்தன. அத்தையுடையதைக் காணோம். பின்னால் வரிசை நீள, நான் மூன்று பைகளையும் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தேன். அத்தை நிதானமாகத் தன் மஞ்சள் பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, அட்டையை நீட்டினார். ஓரத்தில் முறுக்கு எண்ணெய் ஊறியிருந்தது. அதிகாரி அதை விரல் நுனியால் பிடித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.